பத்தாவது பெயர்

சப்தாய் அமேதிக்குப் பெரிய கணக்கெல்லாம் வராது. பத்து வரை எண்ண வரும். அந்தப் பத்தை வைத்துக்கொண்டே மனிதர் ஒரு குடும்பத்தைப் படாத பாடு படுத்திவிட்டுப் போனார்.

குர்திஸ்தான் மலையிலிருந்து கழுதையிலும் லாரியிலுமாக எருசலேம் வந்து சேர்ந்து, கட்டிடங்களுக்குக் கல் கொத்திப் பிழைத்த யூதர். வேதம் வாசிக்கும்போது மற்றவர்கள் கொட்டாவி விடும் இடம் எதுவோ, அதுதான் அவருக்குத் தித்திக்கும். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னானைப் பெற்றான் என்று பக்கம் பக்கமாக ஓடும் வம்சப் பட்டியல்களைச் சொல்கிறேன். "செங்கடல் ஒரே ஒரு தடவைதான் பொளந்துச்சு. புள்ள தினமும் பொறக்குது. இப்ப எது பெரிசுன்னு நீயே சொல்லு" என்பார். பதில் சொல்ல யாரும் நிற்பதில்லை.

அந்தப் பட்டியல்களிலும் ஒன்று அவருக்கு உயிர். பேரேஸ் என்பவனில் தொடங்கித் தாவீது ராஜாவில் முடிகிற பத்துப் பெயர். மூத்த மகன் பிறந்ததும் பேரேஸ் என்று வைத்தார். அடுத்தவன் எஸ்ரோன். மூன்றாமவன் ராம். அதற்குள் அவர்கள் குடியிருந்த நக்லாவோத் சந்துகளில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மனிதர் வரிசையில் போகிறார், ராஜா வரும்வரை நிறுத்தப் போவதில்லை. அவர் மனைவி நாஸேக்குத்தான் கடைசியில் விளங்கியது. நான்காவது பிள்ளைக்கு அம்மினதாப் என்று பெயர் வைத்த அன்று அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "இன்னும் ஆறா?" என்று கேட்டாளாம். "ஆறே ஆறுதான்" என்றாராம் இவர், சந்தையில் முட்டை வாங்கி வரச் சொன்ன மாதிரி.

வந்தார்கள். நகசோன், சல்மோன், போவாஸ், ஓபேத், ஈசாய். ஒன்பதும் ஆண். பெயருக்கும் ஆளுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். போவாஸ் என்றால் 'இவனிடம் பலம் உண்டு' என்று சொல்வார்கள். காற்றடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். ஓபேத் என்றால் ஊழியம் செய்பவன். குடித்த தம்ளரைக் கழுவி வைத்ததாகச் சரித்திரமே இல்லை. வேதத்தில் நகசோன் அம்மினதாபின் மகன் என்பதால், வீட்டிலும் அம்மினதாப் தன்னைவிட இரண்டே வயது இளைய தம்பியை "மகனே, அப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்று அதட்டுவான். நகசோன் தண்ணீரை அவன் தலையில் ஊற்றுவான். அந்த வீட்டில் இது தினசரி நடக்கும்.

பத்தாவது வயிற்றில் இருந்தபோதுதான் சபிரியா அத்தை அந்தக் காரியத்தைச் செய்தாள். சப்தாயின் தங்கை அவள். எங்கள் ஜனத்தில் பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு சட்டைகூடத் தைக்க மாட்டோம், தொட்டிலுக்குச் சொல்லி வைக்க மாட்டோம், கண்ணேறு பட்டுவிடும். அத்தைக்கு இது தெரியாதா என்ன, ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஆனாலும் ஒன்பது பேர் வரிசை தப்பாமல் வந்த பிறகு பத்தாவது மட்டும் வராமல் எங்கே போகும் என்ற துணிச்சல். எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்குப் பிள்ளையைக் கிடத்துவதற்கென்று நீல வெல்வெட்டில் ஒரு தலையணை தைத்து, பொன் நூலால் 'தாவீது' என்று பூவேலையும் செய்து, பெட்டியில் வைத்துவிட்டாள்.

பிறந்தது பெண்.

மருத்துவச்சி வெளியே வந்து சொன்னபோது, கல் கொத்துகிற சப்தாயே கல்லாகிப்போனார் என்று கேள்வி. அத்தை பெட்டியைத் திறந்து தலையணையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். பையன் பெண்ணாகிப்போனதற்கு அந்தத் தலையணைதான் காரணம் என்று அந்தச் சந்தில் இன்றுவரை ஒரே கட்சிதான். உள்ளேயிருந்து நாஸேயின் குரல் மட்டும் தெளிவாக வந்தது: "எனக்குப் பத்து முடிஞ்சுது. தாவீது வேணும்னா இனிமே நீங்க பெத்துக்குங்க."

பெண் குழந்தைக்கு ஜெபக்கூடத்தில்தான் பெயர் வைப்போம். அந்த வார ஓய்வுநாளான சப்பாத்தில் தகப்பனை மேடைக்குக் கூப்பிட்டு, தோரா என்கிற வேதச் சுருளுக்கு முன்னால் நிறுத்தி, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஆசீர்வதிப்பார்கள். சப்தாய் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டியல்களையே புரட்டிக்கொண்டிருந்தார். சப்பாத் காலையில் மேடையேறினார். பெயர் கூப்பிடுகிற பெரியவருக்கோ பதினெட்டு வருஷப் பழக்கம். இந்த வீட்டுப் பிள்ளைகளின் வரிசை நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது. "இஸ்ரவேலில் இவள் பெயர் தா..." என்று இழுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடமே சிரித்தது. சப்தாய் சிரிக்கவில்லை. குனிந்து அவர் காதில் சொன்னார்: "செருயா."

செருயா தாவீதின் சகோதரி. வேதத்தில் அவளுக்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. அண்ணன் தம்பிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, 'இவர்களுடைய சகோதரிகள்' என்று போகிற போக்கில் ஒரு வரி. காயத்துக்குப் போடும் பிசினுக்கும் அந்தப் பெயருக்கும் உறவு உண்டு என்கிறார்கள். உண்டோ இல்லையோ, எங்கள் செருயாவுக்குப் பிசின் மாதிரி விடாமல் ஒட்டிக்கொண்டது வேறொன்று. ராஜா வரவில்லை, ராஜாவுக்குப் பதிலாக அவன் அக்காள் வந்தாள் என்ற பேச்சு. அண்ணன்மார் ஒன்பது பேரும் அவளை "ராஜா" என்றே கூப்பிட்டார்கள். "ராஜா, வெங்காயம் உரிச்சாச்சா?" "ராஜா, என் சட்டை எங்க?" வீணாய்ப் போகக் கூடாதென்று அந்த நீலத் தலையணையையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். தாவீதின் மேல் தலை வைத்துத் தூங்கியே வளர்ந்தாள்.

அவளும் சளைத்தவள் இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுப்பாள். ஒன்பது அண்ணன் இருந்தால் கொடுத்துத்தானே ஆக வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. அப்பாவுக்கு வருத்தமா? தன்னைப் பார்க்கும்போதெல்லாம் வராமல் போனவன் நினைவுதான் வருகிறதா? அவளுக்குப் பத்தொன்பது வயதில் சப்தாய் போய்ச் சேர்ந்தார். கேள்வி அவளிடமே தங்கிவிட்டது.

வேலை கிடைத்ததும் பொருத்தமான இடத்தில்தான் கிடைத்தது. பிறந்த குழந்தைகளுக்குப் பெயர் பதியும் அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டர். காலையிலிருந்து மாலைவரை பெயர்தான். பதிவது மட்டுமே அவள் வேலை, அபிப்பிராயம் சொல்வது இல்லை. ஆனால் சப்தாயின் மகள் வாயை எந்த மேலதிகாரி மூட முடியும்? ஒரு நாள் ஒரு இளம் ஜோடி, வயல் மண் ஒட்டிய செருப்போடு வந்து, "மக்லோன்" என்று எழுதிக் கொடுத்தது.

"யார் சொன்னா இந்தப் பேரை?"

"வேதத்துல இருக்கே. கேக்க நல்லா இருக்கு" என்றான் பையன்.

"இருக்கு. அவன் அண்ணந்தம்பி பேரு கிலியோன். மக்லோன்னா சீக்காளி, கிலியோன்னா தீர்ந்தான். ரெண்டு பேரும் ஒரு புள்ளகூட இல்லாம செத்துப்போனானுங்க. பதியட்டுமா, யோசிச்சுட்டு வரீங்களா?"

பெண் கையிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். யோசித்துவிட்டு வந்து 'தால்' என்று பதிந்தார்கள். பனித்துளி. "இது யாரையும் கொல்லாது" என்று செருயா முத்திரை குத்தினாள்.

இருபத்துமூன்று வயதில் அவளுக்கு ரஹமீம் ஹல்ஃபோனோடு கல்யாணம். ரேடியோ பழுதுபார்ப்பவன், சிரித்தால் எதிரே இருப்பவருக்கும் சிரிப்பு வரும். ரஹமீம் என்றால் கருணை. இரண்டு வருஷத்தில் ஒரு மகன் பிறந்தான். வேதத்தில் செருயாவுக்கு மூன்று மகன்கள். அவர்களில் ஒருவன் அபிசாய். அந்தப் பெயரையே வைத்தாள். அதே நீலத் தலையணையில் கிடத்தித்தான் எட்டாம் நாள் சடங்கு நடந்தது. அபிசாய் என்றால் 'என் தகப்பன் ஒரு கொடை' என்று அர்த்தம். கொடை பதினோரு மாதம் வீட்டில் இருந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரி வேலை இருக்கிறதென்று, "ஆறே மாசம், உங்க ரெண்டு பேரையும் கூப்ட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்தது விவாகரத்துச் சீட்டு. அதன்பின் வருஷப்பிறப்புக்கு வாழ்த்து அட்டை, அதுவும் ஞாபகம் வந்த வருஷத்தில்.

செருயா அழுதாள், ஒரு வாரம். எட்டாம் நாள் கவுண்டருக்கு வந்துவிட்டாள். பையனை வளர்த்தாள். காய்ச்சலுக்குக் கண்விழித்தாள், கணக்குப் பாடத்துக்குத் திட்டினாள், காலில் முள் குத்தினால் ஊசியால் எடுத்தாள். அப்படியே, அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஓடிப்போனது.

பையனுக்குப் பதின்மூன்று நிரம்பப் போகிற மே மாதத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாலையில் தொலைபேசி அடித்தது. ரஹமீம். அந்த வயதில்தான் பையன் முதல் முறையாகத் தோராவுக்கு முன் எழுந்து நிற்பான். இன்னாரின் மகன் இன்னான் எழுந்து வருக என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்கு வர முடியாது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். பையனோடு இரண்டு நிமிஷம் பேசினான், பார்சல் ஒன்று அனுப்புவதாகச் சொன்னான். பிறகு இவளிடம், "எப்படியும் என் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க? ரஹமீமின் மகன்னு? அது போதும் எனக்கு, நான் வந்த மாதிரிதான்" என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

செருயா தொலைபேசியை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். வீட்டுச் செருப்போடு இறங்கியதுகூடச் சந்தை வந்த பிறகுதான் தெரிந்தது.

மஹனே யெகூதா என்கிற சந்தையின் ஓரத்தில் மூத்தவர் பேரேஸ் சாவி வெட்டும் கடை வைத்திருந்தார். ஐம்பத்தேழு வயது. பேரேஸ் என்றால் உடைத்துக்கொண்டு வந்தவன் என்று அர்த்தம். இவரோ ஒரு விதியைக்கூடக் கீறாதவர். பழைய பெரியவருக்குப் பிறகு ஜெபக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற வேலை இவருடையது. யார் எழுந்து வர வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் எல்லாம் இவர் வாயில்தான்.

"அண்ணே, என் புள்ளைய அந்த ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

பேரேஸ் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "பின்ன யார் பேரைச் சொல்றது?"

"என் பேரை."

இப்போது நிறுத்தினார். "ராஜா, ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு ஜெபம் பண்றப்பதான் அம்மா பேரைச் சொல்லுவோம். மேடைக்குக் கூப்பிடறப்ப சொன்னா, பையனுக்கு என்னமோ சீக்குன்னு ஊரே பதறிடும்."

"தகப்பன் அந்த ஆளுன்னு சொல்றதுதான் பெரிய சீக்கு. அன்னிக்குத் தகப்பன் எழுந்திரிச்சு 'இவன் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தவர் வாழ்க'ன்னு சொல்லணும்ல? அதை அவரு பன்னெண்டு வருஷம் முன்னாடியே சொல்லாம செஞ்சுட்டாரு."

பேரேஸ் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "இது வெளையாட்டு இல்ல. அன்னிக்கு எப்படிக் கூப்பிடறமோ அதுதான் நாளைக்குக் கல்யாணப் பத்திரத்துல, அதுதான் கல்லறையில. ஆயுசுக்கும் அதுதான் பேரு."

"அதனாலதான் ஓடி வந்தேன்."

"வேணும்னா அப்பா பேரைச் சொல்றேன். சப்தாயின் மகன் அபிசாய். தகப்பன் சரியில்லன்னா தாத்தா பேரைச் சொல்ல வழி இருக்கு. நம்ம குரு ஹாகாமைக் கேட்டாலும் அதான் சொல்லுவாரு."

"அப்பாவா அவன் மூக்கைத் தொடச்சாரு? நான் தொடச்சேன்."

"அன்னிக்கு வாசிக்கிற பகுதி என்னன்னு தெரியுமா உனக்கு? வனாந்தரத்துல ஜனங்களை எண்றாங்க. பிதாக்களின் வீட்டின்படி, பிதாக்களின் வீட்டின்படின்னு வரிக்கு வரி சொல்லுது. நம்ம நகசோன் பேரே வருது, அம்மினதாபின் மகன்னு. அங்க நின்னுக்கிட்டு நான் அம்மா பேரைச் சொல்லட்டுமா?"

"சொல்லு. தாவீதோட படைத்தலைவனுங்க மூணு பேரு. யோவாப், அபிசாய், ஆசகேல். அவனுங்களை வேதம் எப்படிக் கூப்பிடுது?"

பேரேஸ் வெட்டிய சாவியின் துகளை ஊதினார். பதில் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த மூன்று பேரையும் பெற்றவர் பெயரோடு சொல்லும் இடமெல்லாம் வேதம் செருயாவின் குமாரர் என்றே சொல்கிறது. தகப்பன் பெயர் மருந்துக்குக்கூட இல்லை.

"அது வேதம்" என்றார் கடைசியில். "இது நக்லாவோத்."

"சரி. அப்ப நான் வேற கூடத்துக்குப் போறேன்."

அதுதான் அவரைச் சுட்டது. எட்டுத் தம்பிகளும் தோள் ஒட்டி நிற்க, தங்கை மகன் வேறு எங்கோ யாரோ கூப்பிட எழுந்து நிற்பதா? பேரேஸ் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். மேடைக்கு வருகிறவனிடம் பெயரைக் கேட்டுத்தான் கூப்பிடுவது வழக்கம். தெரிந்தவனாக இருந்தாலும் கேட்பார்கள். "அவனையே கேக்கறேன். யாரோட மகன்னு அவன் வாயால என்ன சொல்றானோ அதையே கூப்பிடறேன். ஆனா நீ அவனுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது. சம்மதமா?"

செருயா சம்மதித்தாள். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரர் என்று உறைத்தது. பதின்மூன்று வயதுப் பையன், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, எல்லாப் பையன்களும் சொல்வதைத்தானே சொல்வான்?

அந்த மூன்று வாரம் அவள் பட்ட பாடு நாய் படாது. வாயில் வந்ததையெல்லாம் பேசியே பழகியவள், பேச வேண்டிய ஒரே விஷயத்தைப் பேசக் கூடாது. பையன் தன் பகுதியைப் பாடிப் பழகுவான், உடைந்துகொண்டிருந்த குரல் நடுவில் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும், அவளுக்குச் சிரிப்பு வரும், உடனே அழுகை வரும். "அம்மா, என்னாச்சு உனக்கு?" என்பான். "வெங்காயம்" என்பாள். கையில் வெங்காயமே இருக்காது.

இரண்டாம் வாரம் பார்சல் வந்தது. வெள்ளை வெளேரென்று ஓட்டப்பந்தய ஷூ. அமெரிக்காவிலிருந்து வந்த மாதிரியே மணத்தது. அபிசாய் அதைக் கட்டில் மேல் வைத்து வைத்துப் பார்த்தான். அந்த ஷூவைப் பார்த்த அன்றே தான் தோற்றுவிட்டதாகச் செருயாவுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் முள் எடுத்தவள் ஒரு பக்கம், ஒரு பெட்டி ஷூ ஒரு பக்கம். பையன்கள் ஷூ பக்கம்தான் போவார்கள், அது இயற்கை. அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

அந்த சப்பாத் காலையில் அவன் வெள்ளைச் சட்டையும் அந்த ஷூவுமாகப் புறப்பட்டான்.

பெண்கள் மாடத்தில் பலகைகள் கட்டாந்தரைக்கு அண்ணன் முறை. செருயா நீலத் தலையணையைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் எண்பது வயது சபிரியா அத்தை, மடி நிறையச் சர்க்கரை பூசிய பாதாம். பையன் வாசித்து முடித்ததும் மேலிருந்து எறிவதற்கு. "இப்பல்லாம் மெத்துமெத்துன்னு மிட்டாய் எறியறாங்க. பட்டா வலிக்கணும்டி, அப்பதான் ஆசீர்வாதம் ஞாபகம் இருக்கும்" என்றாள் அத்தை. செருயாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கையில் பத்துப் பாதாம் வைத்திருந்தாள். உள்ளங்கை வியர்த்துச் சர்க்கரை ஒட்டிக்கொண்டது.

கீழே அண்ணன்மார் எட்டுப் பேரும் ஒரே வரிசை. பேரேஸ் மேடையில். முதலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சப்தாயின் மகன் ராம். சப்தாயின் மகன் நகசோன். நகசோன் மேடையேறும்போது அம்மினதாப் "போ மகனே" என்று சொல்ல, வரிசை முழுக்கத் தோள் குலுங்கியது. பிறகு பேரேஸ் பையனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அபிசாய் எழுந்து வந்தான். ஒரு மாதிரி நொண்டிக்கொண்டு வந்தான். பயத்தில் கால் பின்னுகிறது போலிருக்கிறது என்று செருயா நினைத்தாள். படியேறினான். பேரேஸ் குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்.

"பேரு?"

"அபிசாய்."

"யாரோட மகன்?"

பையன் தன் ஷூவைப் பார்த்தான். செருயா மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் வாய் திறந்தால் மூன்று வாரம் மூடியிருந்ததற்கு அர்த்தமில்லை. திறக்கவில்லை.

"செருயாவோட மகன்" என்றான். குரல் நடுவில் உடைந்து ஆட்டுக்குட்டியாகக் கத்தியது. யாரும் சிரிக்கவில்லை.

பேரேஸ் நிமிர்ந்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. ஒரு விதியைக்கூடக் கீறாத மனிதர். ஆனால் கொடுத்த வாக்கையும் கீறாதவர். சுருளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வேதம் வாசிக்கிற அதே இராகத்தில் கூப்பிட்டார்: "செருயாவின் குமாரனாகிய அபிசாய் எழுந்து வரட்டும்."

நடந்ததுதான் வேடிக்கை. ஒருவரும் பதறவில்லை. அந்தச் சொற்களைத்தான் அந்தக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வேதத்திலிருந்து பாடிக் கேட்டிருக்கிறார்களே. காது பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டது. பையன் ஆசீர்வாதத்தைத் தொடங்கிய பிறகுதான் பின்வரிசையில் ஒருவர், "என்னமோ சொன்னாரே பேரேஸ்?" என்று பக்கத்தில் கேட்டார். "வேதத்துல இருக்கறதுதானேப்பா" என்றார் பக்கத்தவர்.

மேலே செருயா உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். அந்த மேடையிலிருந்து, வேதத்துச் செருயாவை அல்ல, அவளையே குறித்து அந்தப் பெயர் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் சொல்லப்பட்டிருக்கிறது. அப்போது அவளுக்கு ஐந்து நாள் வயது. வீட்டில் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாள். கேட்டவுடன் அவளுக்கு, வீட்டில் சொல்லக் கேட்டிருந்த, அப்பாவின் அந்த நாலு நாள் கதை ஞாபகம் வந்தது. பட்டியலில் ஒரு வரிகூட விடாமல் தெரிந்த மனிதர், நாலு நாள் மடியில் வைத்துப் புரட்டியிருக்கிறார். 'இவர்களுடைய சகோதரிகள்' என்ற வரிக்கு அடுத்தாற்போலவே செருயாவின் குமாரர் மூன்று பேர் என்று வருவது அவருக்கா தெரியாது? இத்தனை ஆண்கள் பெற்றுப் பெற்று முடிகிற பட்டியலில், பிள்ளைகள் தாய் பெயரால் நிற்கிற ஒருத்தியைத் தேடி எடுத்துத்தான் மகளுக்கு வைத்திருக்கிறார். ராஜாவுக்குப் பதில் கிடைத்த பெயர் இல்லை அது. இவ்வளவு நாள் அதை அவள் சரியாக வாசிக்கவே இல்லை.

அழுதாள். இந்த முறை வெங்காயம் என்று சொல்லவில்லை. பையன் வாசித்து முடித்து எல்லோரும் பாதாம் எறிந்தபோது அவள் எறிய மறந்துபோனாள். அத்தை இடித்த பிறகு பத்தையும் மொத்தமாக வீசினாள். ஒன்று நேராகப் பேரேசின் நெற்றியில் பட்டது. அவர் மேலே பார்த்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, அந்தப் பாதாமைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

முற்றத்தில் சாப்பாடு. பெரிய பாத்திரங்களில் பீட்ரூட் போட்ட புளிப்புக் குழம்பில், மாவுக்குள் கறி அடைத்த குப்பே உருண்டைகள். அபிசாய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். காலுறையோடு கழற்றினான். இரண்டு குதிகாலும் தோலுரிந்து சிவந்திருந்தது.

"டேய், என்னடா இது?"

"ரெண்டு சைஸ் சின்னதும்மா."

"பார்சல் வந்த அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குடா போட்டுட்டு வந்தே?"

"அவரு அனுப்பினாரே, பாவம்."

செருயா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், வாய் கேட்டுவிட்டது. "அப்பறம் ஏன் அவரு பேரைச் சொல்லல?"

அபிசாய் ஒரு குப்பேயை முழுசாக வாயில் போட்டு, மென்று, விழுங்கினான். "மாமா யாரோட மகன்னுதானே கேட்டாரு. ஷூ யாரு வாங்கிக் குடுத்ததுன்னா கேட்டாரு?"

ஒன்றுக்கு ஒன்பது கொடுக்கிறவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. முற்றத்துக் கல் வெயிலில் கொதித்தது. அக்குளில் இடுக்கியிருந்த நீலத் தலையணையை எடுத்துக் கீழே போட்டாள். அபிசாய் புண்பட்ட காலை அதன்மேல் வைத்துக்கொண்டு அடுத்த குப்பேயை எடுத்தான்.

"அடப்பாவி, ராஜா மேல காலை வெக்கறான் பாரு" என்று சபிரியா அத்தை பதறிக்கொண்டு வந்தாள்.

"வெக்கட்டும் அத்தை" என்றாள் செருயா. "இத்தனை வருஷம் நான் தலையை வெச்சுப் படுத்தாச்சு."